மீன் நோய் பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக் உணர்திறன் சோதனை: மாதிரி எடுப்பது முதல் அறிக்கை வரை

பண்ணையில் மீன் சாகிறது. சிறுநீரகத்திலிருந்து ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து வந்திருக்கிறது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கேட்கிறார்கள். மனித நோய்க் கிருமிகளைச் சோதித்துப் பழகிய ஆய்வகம் தட்டை 35 °செ-இல் வைக்கும், மறுநாள் காலையில் மருந்து டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளக்கும், மருத்துவமனை அட்டவணையைப் பார்த்து ‘எஸ்’ (உணர்திறன் உண்டு) அல்லது ‘ஆர்’ (எதிர்ப்பு உண்டு) என்று எழுதிக் கொடுத்துவிடும். அறிக்கை பார்க்க ஒழுங்காகவே இருக்கும். ஆனால் மீன் கிருமிகளில் பல 35 °செ-இல் சரியாக வளர்வதில்லை. சில வளர்வதே இல்லை. அந்த அட்டவணையின் எல்லை எண்களும் மனிதருக்குக் கொடுக்கும் மருந்தளவு, மனித ரத்தத்தில் மருந்து எட்டும் அளவு ஆகியவற்றை வைத்து வகுக்கப்பட்டவை. தீவனத்தில் கலந்து மீனுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றி அவை எதுவும் சொல்லா.

ஊடகம், வெப்பநிலை, நேரம் ஆகிய மூன்றையும் சொல்லாமல் தடைவளையத்தின் மில்லிமீட்டரை மட்டும் சொன்னால் அது வெறும் எண். நீர்வாழ் விலங்குகளின் பாக்டீரியாக்களுக்கு இந்த மூன்றையும் வரையறுப்பவை, ஆய்வகச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வெட்03 (செய்முறை), வெட்04 (அட்டவணைகள்) ஆகிய ஆவணங்கள். 2006-இல் டிஸ்க் முறைக்கு (மருந்து ஊறிய வட்டத்தாளைத் தட்டில் வைப்பது) எம்42, குழம்பு நீர்த்தல் முறைக்கு (மருந்தை நீர்ம ஊடகத்தில் படிப்படியாக நீர்ப்பது) எம்49 என்று தனித்தனியாக வந்தவைதாம் பிறகு இப்படி மாறின. கீழே உள்ள செய்முறை அந்த வழியையே பின்பற்றுகிறது. தரக்கட்டுப்பாட்டு எல்லைகளுக்கு வெட்04-இன் நடப்புப் பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி: செத்த மீன் வேண்டாம்

சாகும் தறுவாயில் உள்ள, நோய்க்குறி தெளிவாகத் தெரியும் மீன்கள் நான்கைந்து வேண்டும். செத்துக் கிடந்த மீனில் குடலிலும் தோலிலும் இருந்த பாக்டீரியா சில மணி நேரத்துக்குள் உள்ளுறுப்புகளுக்குப் பரவிவிடும். வெதுவெதுப்பான நீர் என்றால் இன்னும் வேகம். அப்படி வந்த ஏரோமோனாஸுக்குச் சோதனை செய்து மருந்து சொல்வது, உண்மையான கிருமியை விட்டுவிட்டு வேறொன்றுக்கு வைத்தியம் பார்ப்பதாகும். மருந்துத் தீவனம் தொடங்கிய பிறகு எடுத்த மாதிரியும் குழப்பும்: எளிதில் கட்டுப்படும் கிருமிகள் அடங்கி, தாக்குப்பிடித்தவை மட்டுமே தட்டில் வரலாம். ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தால் எந்த மருந்து, எத்தனை நாள் என்று கேட்டு மாதிரிச் சீட்டில் எழுதுங்கள்.

மீனை மயக்க மருந்து கூடுதலாகக் கலந்த நீரில் விட்டு வதையின்றிக் கொல்லுங்கள். உடல் மேற்பரப்பை 70 சதவீத எத்தனாலால் துடையுங்கள். வயிற்றைத் திறக்கும்போது குடலில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த மீனை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். குடலையும் காற்றுப்பையையும் ஒதுக்கினால் முதுகெலும்புக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் கருஞ்சிவப்புப் பட்டைதான் சிறுநீரகம். அதன் மேல்சவ்வைச் சூடாக்கிய கத்தியால் தொட்டுச் சுட்டுவிட்டு, அந்த இடத்தில் லூப் கம்பியைக் குத்தி எடுத்து நேராகத் தட்டில் இழுங்கள். மீன் சுழன்று நீந்தியிருந்தாலோ கண் பிதுங்கியிருந்தாலோ மூளையிலிருந்தும் எடுக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அங்கே கிடைப்பது போலச் சிறுநீரகத்தில் எப்போதும் கிடைப்பதில்லை.

முதல் வளர்ப்புக்கு டிரிப்டிக் சோயா அகரும் 5 சதவீத ஆட்டு ரத்த அகரும் போதும். கடல்நீர், உவர்நீர் மீனுக்கு டிரிப்டிக் சோயா அகரில் 1.5 முதல் 2 சதவீதம் வரை சோடியம் குளோரைடு சேருங்கள். செவுள் அரிப்பும் மஞ்சள் படலமும் தெரிந்தால் ஃபிளேவோபாக்டீரியம் கொலும்னாரே என்று சந்தேகித்து ஷீ அகரில் தனியாக இழுங்கள். சத்து மிகுந்த அகரில் அது வளராது, வளர்ந்தாலும் மற்றவை அதை மூடிவிடும். 28 °செ-இல் வைத்து 24 மணியிலும் 48 மணியிலும் பாருங்கள். எட்வர்ட்சியெல்லா 24 மணியில் ஊசிமுனை அளவே தெரியும். அந்த நேரத்தில் ‘வளர்ச்சி இல்லை’ என்று தட்டைத் தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தூய வளர்ப்பும் அடையாளமும்

பல மீன்களின் தட்டுகளில் ஒரே மாதிரியாக, மிகுதியாக வந்த காலனியை எடுத்து இரண்டு முறை மறுவளர்ப்பு செய்யுங்கள். கலப்பு வளர்ப்பில் சோதனை செய்தால் கிடைக்கும் வளையம் இரண்டில் எந்தக் கிருமிக்கும் உரியதல்ல.

எந்த ஊடகம், எந்த மருந்து என்று முடிவு செய்ய, கிருமி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றாவது தெரிய வேண்டும். கிராம் சாயம், ஆக்சிடேஸ், கேட்டலேஸ் ஆகிய மூன்றே பாதித் தூரம் கொண்டுபோய்விடும். கிராம் நெகட்டிவ் கோலாக இருந்து ஆக்சிடேஸ் பாசிட்டிவ் என்றால் ஏரோமோனாஸ், விப்ரியோ போன்றவை. ஆக்சிடேஸ் நெகட்டிவ் என்றால் எட்வர்ட்சியெல்லா, யெர்சினியா போன்றவை. கிராம் பாசிட்டிவ் கோளமாக இருந்து கேட்டலேஸ் நெகட்டிவ் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது லாக்டோகாக்கஸ். சிற்றின அளவில் உறுதி வேண்டுமென்றால் மால்டி-டாஃப் (புரதங்களின் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) அல்லது மரபணு வரிசை தேவை. ஏரோமோனாஸ் சிற்றினங்களைப் பிரிக்க 16எஸ் மரபணு மட்டும் போதாது, ஜைர்-பி மரபணுவும் பார்க்க வேண்டும்.

எந்தக் கிருமிக்கு எந்த ஊடகம்

எளிதில் வளரும் கிராம் நெகட்டிவ்களுக்கு (ஏரோமோனாஸ், எட்வர்ட்சியெல்லா, யெர்சினியா, சூடோமோனாஸ், உப்பு கட்டாயமில்லாத விப்ரியோக்கள்) எதுவும் சேர்க்காத முல்லர்-ஹின்டன் அகர். 28 °செ-இல் 24 முதல் 28 மணி நேரம், அல்லது 22 °செ-இல் 24–28 மணி. வளர்ச்சி மந்தமானால் 22 °செ-இல் 44–48 மணி. வெப்பநிலை இரண்டு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது.

உப்பில்லாமல் வளரவே வளராத விப்ரியோக்களுக்கு அதே அகரில் 1 சதவீதம் சோடியம் குளோரைடு. முதலில் சாதாரண முல்லர்-ஹின்டனில் வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் உப்பு சேர்க்க வேண்டாம். கடலிலிருந்து வந்த கிருமி என்பதற்காகக் கடல்நீரில் அகர் காய்ச்சுவது பெருந்தவறு. முல்லர்-ஹின்டனில் மெக்னீசியம் லிட்டருக்கு 10 முதல் 12.5 மி.கி. வரையும் கால்சியம் 20 முதல் 25 மி.கி. வரையும் இருக்கும்படி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கடல்நீரிலோ மெக்னீசியம் மட்டுமே லிட்டருக்கு 1,300 மி.கி. அளவில் இருக்கிறது. இந்த அயனிகள் ஆக்சிடெட்ராசைக்ளினையும் குயினோலோன்களையும் பிடித்துக்கொள்ளும். மருந்தில் பெரும்பகுதி கட்டுண்டு போக, நல்ல உணர்திறன் உள்ள கிருமிகூட எதிர்ப்புடையது போலத் தெரியும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக்கு முல்லர்-ஹின்டனில் 5 சதவீதம் நார்நீக்கிய ஆட்டு ரத்தம், 28 °செ.

ஃபிளேவோபாக்டீரியத்துக்கு டிஸ்க் முறையை விட்டுவிட்டு நேராக எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக்குறைந்த மருந்துச் செறிவு) சோதனை செய்யுங்கள். அயனி சரிசெய்த முல்லர்-ஹின்டன் குழம்புப் பொடியை வழக்கமான அளவில் போடாமல் லிட்டருக்கு 4 கிராம் மட்டும் கரைத்து, மறுபடி கால்சியம், மெக்னீசியம் சரிசெய்து பயன்படுத்த வேண்டும். கொலும்னாரேவுக்கு 28 °செ-இல் 44–48 மணி. குளிர்நீர் மீனின் ஃபிளேவோபாக்டீரியம் சைக்ரோஃபிலம் என்றால் 18 °செ-இல் 92–96 மணி.

டிஸ்க் முறை, படிப்படியாக

*அகர் ஊற்றுதல்.* லிட்டருக்கு 38 கிராம் பொடி, 121 °செ-இல் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். 45–50 °செ வரை ஆறிய பிறகு, மட்டம் பார்த்த மேசையில் 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி., 150 மி.மீ. தட்டுக்கு 60–70 மி.லி. ஊற்றுங்கள். நமக்கு வேண்டியது 4 மி.மீ. ஆழம். கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். ஆழம் குறைந்தால் வளையம் பெருக்கும், கூடினால் சுருங்கும். மேசை சாய்ந்திருந்தால் ஒரே தட்டில் ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக வரும். உறைந்த பின் பிஎச் 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

*மெக்ஃபார்லண்ட் 0.5.* கிருமிக் கரைசலின் கலங்கலை ஒப்பிட்டுப் பார்க்கும் தர அளவு இது. வாங்கலாம், செய்தும் கொள்ளலாம். 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மி.லி.யில், 1.175 சதவீத பேரியம் குளோரைடு (இரு நீர்மூலக்கூறு கொண்டது) கரைசலை 0.5 மி.லி. கலக்கிக்கொண்டே விடுங்கள். 625 நானோமீட்டரில் 1 செ.மீ. குவெட்டில் உறிஞ்சளவு 0.08 முதல் 0.13 வரை வர வேண்டும். இறுக மூடிய குழாய்களில் இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பின்பே ஒப்பிடுங்கள். படிவு கட்டியாகத் திரண்டுவிட்டால் புதிது செய்யுங்கள்.

*கிருமிக் கரைசல்.* தேர்ந்தெடுப்பு ஊடகத்திலிருந்து வேண்டாம். சாதாரண அகரில் வளர்ந்த புதிய வளர்ப்பிலிருந்து மூன்று முதல் ஐந்து காலனிகளைத் தொட்டு 0.85 சதவீத உப்புநீரில் கரைத்து 0.5-க்குச் சரிசெய்யுங்கள். மி.லி.க்கு ஏறத்தாழ 1 முதல் 2 × 10⁸ உயிரணுக்கள் இருக்கும். முடிந்தவரை ஒளியளவி கொண்டு பாருங்கள். கண்ணால் பார்த்து ஒப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும்; அந்த வேறுபாடு நேராக வளையத்தில் தெரியும். கட்டிகட்டியாகத் திரளும் கிருமி என்றால் சுழற்றிக் கலக்கி, சில நிமிடம் அப்படியே விட்டு, மேல்பகுதியை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிச் சரிசெய்யுங்கள். தயாரான 15 நிமிடத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

*பூசுதல்.* பஞ்சுக் குச்சியை நனைத்து, குழாயின் உட்சுவரில் அழுத்திச் சுழற்றி மிகுதி நீரைப் பிழியுங்கள். தட்டு முழுவதும் நெருக்கமாக இழுத்து, 60 பாகை திருப்பி இரண்டாம் முறை, மீண்டும் திருப்பி மூன்றாம் முறை, கடைசியில் விளிம்பைச் சுற்றி ஒரு இழுப்பு. மூடியைச் சற்றே திறந்து 3 முதல் 5 நிமிடம் ஈரம் வற்ற விடுங்கள். 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

*டிஸ்க் வைத்தல்.* ஃப்ரீசரிலிருந்தோ குளிர்பெட்டியிலிருந்தோ எடுத்த டிஸ்க் டப்பாவை அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள், ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் டிஸ்கில் படிந்து மருந்து கெடும். 90 மி.மீ. தட்டில் நான்கு டிஸ்குக்கு மேல் வேண்டாம். மையத்துக்கு மையம் குறைந்தது 24 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். குறைந்த வெப்பத்தில் கிருமி மெதுவாக வளர்வதால் மருந்து பரவ நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது, வளையமும் பெருக்கிறது. 35 °செ-இல் ஐந்தாறு டிஸ்க் வைத்துப் பழகியவர்கள் 28 °செ-இலும் அப்படியே வைத்தால் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி அளக்கவே முடியாமல் போகும். வைத்த டிஸ்கை மெல்ல அழுத்துங்கள். அகரைத் தொட்ட டிஸ்கை இடம் மாற்றாதீர்கள், தொட்ட நொடியிலேயே மருந்து இறங்கத் தொடங்கிவிடும்.

வழக்கமான டிஸ்க் அளவுகள்: ஆக்சிடெட்ராசைக்ளின் 30 மைக்ரோகிராம், ஃப்ளோர்ஃபெனிகால் 30, ஆக்சோலினிக் அமிலம் 2, என்ரோஃப்ளாக்சசின் 5, எரித்ரோமைசின் 15, டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாமெத்தாக்சசோல் 1.25/23.75. எல்லாவற்றையும் ஒவ்வொரு கிருமிக்கும் வைக்கத் தேவையில்லை. உங்கள் நாட்டில் மீனுக்குச் சட்டப்படி கொடுக்கக்கூடிய மருந்துகளை முதலில் எழுதி, அவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். இயற்கையாகவே பயன்படாத இணைகளை விடுங்கள்: ஏரோமோனாஸில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்பிசிலின் எடுபடாது, ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு ஆக்சோலினிக் அமிலம் வீண். குயினோலோன் கொடுக்கும் எண்ணம் இருந்தால் என்ரோஃப்ளாக்சசினோடு ஆக்சோலினிக் அமிலத்தையும் வையுங்கள். எதிர்ப்பின் முதல் மரபணு மாற்றம் ஆக்சோலினிக் அமிலத்தின் வளையத்தில்தான் பளிச்சென்று தெரியும். என்ரோஃப்ளாக்சசின் வளையம் அப்போதும் பெரிதாகவே இருந்து ஏமாற்றும்.

*இன்குபேட்டர்.* டிஸ்க் வைத்த 15 நிமிடத்துக்குள் தட்டுகளைக் கவிழ்த்து உள்ளே வையுங்கள். ஐந்துக்கு மேல் அடுக்க வேண்டாம், நடுவில் உள்ளவை சூடாக நேரமாகும். கதவில் ஒளிரும் எண்ணை நம்பாமல், உள்ளே தண்ணீர்க் குப்பியில் ஒரு வெப்பமானியை வைத்துப் படியுங்கள்.

*அளத்தல்.* தட்டைக் கவிழ்த்து, கறுப்புப் பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில், டிஸ்கின் 6 மி.மீ. விட்டத்தையும் சேர்த்து முழு மில்லிமீட்டரில் அளங்கள். ரத்த அகர் என்றால் மூடியைத் திறந்து மேலிருந்து அளங்கள்; ரத்தச் சிதைவின் எல்லையை விட்டுவிட்டு வளர்ச்சி நிற்கும் எல்லையை எடுங்கள். சல்ஃபா கூட்டு மருந்தில் வளையத்துக்குள் மெல்லிய மூட்டம் படர்வது இயல்பு, ஏனென்றால் மருந்து வேலை தொடங்கும் முன் கிருமி சில தலைமுறை பெருகிவிடும். வளர்ச்சி 80 சதவீதம் குறைந்த இடத்தை விளிம்பாகக் கொள்ளுங்கள். மற்ற மருந்துகளில் வளையத்துக்குள் தனித்தனிக் காலனிகள் தெரிந்தால் புறக்கணிக்கக்கூடாது. ஒன்று கலப்படம், இல்லையேல் எதிர்ப்புள்ள துணைக்கூட்டம். அந்தக் காலனியை எடுத்து அடையாளம் பார்த்துச் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

தரக்கட்டுப்பாடு

எஷெரிச்சியா கோலை ஏடிசிசி 25922, ஏரோமோனாஸ் சால்மோனிசிடா ஏடிசிசி 33658 ஆகிய இரண்டும்தான் இந்தச் சோதனைக்கான சாட்சிகள், அதாவது கட்டுப்பாட்டுக் கிருமிகள் (ஏடிசிசி என்பது கிருமிச் சேகரிப்பின் பெயர்). குறைந்தது ஒன்றையாவது ஒவ்வொரு சோதனை நாளிலும் அதே அகர், அதே டிஸ்க், அதே வெப்பநிலையில் செய்ய வேண்டும். 20 அல்லது 30 சோதனை நாள்கள் தொடர்ந்து செய்து, எல்லை மீறியவை 20-இல் ஒன்றுக்கும் 30-இல் மூன்றுக்கும் மிகாமல் இருந்தால் வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். டெட்ராசைக்ளினுக்கு கோலையின் எல்லை 18–25 மி.மீ., டிரைமெத்தோபிரிம் கூட்டுக்கு 23–29 மி.மீ. என்று நுண்ணுயிரியல் ஆய்வகச் சுவரிலெல்லாம் ஒட்டியிருக்கும். அவை 35 °செ-க்கு உரியவை. 28 °செ-க்கும் 22 °செ-க்கும் வெட்04-இல் தனி அட்டவணைகள் இருக்கின்றன. 24–28 மணிக்கும் 44–48 மணிக்கும்கூட எண்கள் வேறு. சுவரில் உள்ளதை வைத்து 28 °செ-இல் ‘கட்டுப்பாடு தேறியது’ என்று எழுதினால், அன்று சோதித்த கிருமிகளின் முடிவுகளுக்கு ஆதாரம் ஏதும் இல்லை.

கட்டுப்பாடு எல்லை மீறினால் முடிவைக் கொடுக்காமல் காரணத்தைத் தேடுங்கள். எந்தெந்த மருந்தில் மீறியது என்பதே பெரிய துப்பு:

- எல்லா வளையமும் பெரிது: கரைசல் நீர்த்துவிட்டது, அல்லது அகர் மெல்லியது.
- எல்லா வளையமும் சிறிது: கரைசல் அடர்த்தி, அகர் தடிமன், அல்லது பூசிய பின் டிஸ்க் வைக்கத் தாமதம்.
- டெட்ராசைக்ளினும் குயினோலோனும் மட்டும் சிறிது: அகரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம்.
- டெட்ராசைக்ளின் பெரிது, எரித்ரோமைசின் சிறிது: பிஎச் இறங்கியிருக்கிறது. இரண்டும் தலைகீழாக வந்தால் ஏறியிருக்கிறது.
- சல்ஃபா கூட்டு மட்டும் சிறிது, மூட்டமும் அதிகம்: ஊடகத்தில் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் தைமிடின். என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் ஏடிசிசி 29212-ஐ வைத்து 35 °செ-இல் பாருங்கள். 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெளிவான வளையம் வந்தால் அகர் குற்றமற்றது.
- ஒரே ஒரு மருந்து மட்டும் சிறிது: பெரும்பாலும் டிஸ்க் கெட்டுவிட்டது. புதிய டப்பாவைத் திறந்து பாருங்கள்.

எம்ஐசி: குழம்பு நுண்ணீர்த்தல்

அன்றாட வேலைக்கு டிஸ்க் முறையே போதும் என்பது எங்கள் கருத்து. ஆண்டுக்கு ஆண்டு எதிர்ப்பு நகர்வதைக் கண்காணிக்கவும், டிஸ்கில் ஐயமான முடிவு வந்தாலும், ஃபிளேவோபாக்டீரியத்துக்கும் எம்ஐசி தேவை.

மருந்துக் கடைப் பொடியையோ தீவனக் கலவையையோ பயன்படுத்தாதீர்கள். வீரியம் குறிப்பிட்ட ஆய்வகத் தரப் பொடி வேண்டும். கரைப்பான் மருந்துக்கு மருந்து மாறும். ஆக்சிடெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடுக்கு நீர். ஆக்சோலினிக் அமிலத்துக்கும் என்ரோஃப்ளாக்சசினுக்கும் பாதி அளவு நீரில் போட்டு, கரையும் வரை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சொட்டுச் சொட்டாக. ஃப்ளோர்ஃபெனிகாலுக்கு டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு).

ஃப்ளோர்ஃபெனிகாலுக்கு ஒரு கணக்கு. வீரியம் மி.கி.க்கு 980 மைக்ரோகிராம், வேண்டிய மூலக் கரைசல் மி.லி.க்கு 6,400 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். குறித்த எடைக்கு மிகச்சரியாக நிறுக்க மெனக்கெடாமல், ஏறத்தாழ நிறுத்து கரைப்பானைக் கணக்கிடுவது எளிது. 33.0 மி.கி. நிறுத்திருந்தால் 33.0 × 980 ÷ 6,400 = 5.05 மி.லி. டிஎம்எஸ்ஓ. இதைக் குழம்பில் நூறு மடங்கு நீர்த்தால் மி.லி.க்கு 64 மைக்ரோகிராம். கரைப்பான் 1 சதவீதம்தான் இருக்கும், கிருமிக் கரைசல் சேர்ந்ததும் அரை சதவீதமாகிவிடும். மூலக் கரைசலை நீர்க்கச் செய்தால் முதல் குழியில் கரைப்பான் மிகுந்து அதுவே கிருமியை அடக்கும். மருந்தின் வேலையா கரைப்பானின் வேலையா என்று பிரிக்க முடியாது.

96 குழித் தட்டில் ஒரு வரிசை இப்படி:

1. குழி 2 முதல் 11 வரை அயனி சரிசெய்த முல்லர்-ஹின்டன் குழம்பு 50 மைக்ரோலிட்டர். குழி 12-இல் 100.
2. குழி 1-இல் 64 மைக்ரோகிராம் கரைசல் 100 மைக்ரோலிட்டர்.
3. குழி 1-இலிருந்து 50 எடுத்து 2-இல் கலந்து, 2-இலிருந்து 50 எடுத்து 3-இல் என்று 10 வரை போய், 10-இலிருந்து 50 எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு படியிலும் பைப்பெட் முனையை மாற்றுங்கள். ஒரே முனையில் போனால் மருந்து ஒட்டிக்கொண்டு வந்து பின்குழிகளின் செறிவு கூடும்.
4. மெக்ஃபார்லண்ட் 0.5 கரைசலைக் குழம்பில் நூறு மடங்கு நீர்த்து, குழி 1 முதல் 11 வரை 50 மைக்ரோலிட்டர் சேருங்கள். குழி 12-க்கு வேண்டாம்.

இப்போது குழி 1-இல் மி.லி.க்கு 32 மைக்ரோகிராம், குழி 10-இல் 0.06. குழி 11 வளர்ச்சிக்குச் சாட்சி, 12 தூய்மைக்கு. கிருமி மி.லி.க்கு 5 × 10⁵ இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க, சேர்த்த உடனே குழி 11-இலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. உப்புநீரில் கலந்து, அதில் 100 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்புங்கள். 50 காலனி வந்தால் கச்சிதம். 20-இலிருந்து 80 வரை ஏற்கலாம். இந்த எண்ணிக்கையைச் சோம்பல்பட்டு விடுவதுதான் எம்ஐசி ஒரு படி ஏறி இறங்குவதற்கு முதல் காரணம்.

தட்டை ஒட்டுத்தாளால் மூடி, அந்தக் கிருமிக்குரிய வெப்பத்திலும் நேரத்திலும் வையுங்கள். கண்ணுக்கு வளர்ச்சி தெரியாத மிகக்குறைந்த செறிவே எம்ஐசி. நடுவில் ஒரு குழி மட்டும் தெளிவாக இருந்து அதற்கு மேலுள்ளவை கலங்கியிருந்தால் அந்த வரிசையைத் திரும்பச் செய்யுங்கள். ஃப்ளோர்ஃபெனிகாலிலும் டெட்ராசைக்ளினிலும் அடியில் சிறு புள்ளியாக வால் இழுக்கும்; வளர்ச்சிச் சாட்சியோடு ஒப்பிட்டு அந்தப் புள்ளியை ஒதுக்கிவிடலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குக் குழம்பில் 2.5 முதல் 5 சதவீதம் வரை சிதைத்த குதிரை ரத்தம் சேர்க்க வேண்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது

‘உணர்திறன் உண்டு’, ‘எதிர்ப்பு உண்டு’ என்று எழுத மருத்துவ எல்லை எண் வேண்டும். மீன் கிருமிகளில் அப்படிப்பட்ட எல்லைகள் மிகச் சிலவற்றுக்கே உண்டு. பழைய எடுத்துக்காட்டு ஏரோமோனாஸ் சால்மோனிசிடாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளினும் ஆக்சோலினிக் அமிலமும். மற்ற பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பது, அல்லது நாமே கணக்கிடக்கூடியது, தொற்றியல் எல்லை. அது கிருமியை இரண்டாகப் பிரிக்கும்: பெறப்பட்ட எதிர்ப்பு எதுவும் இல்லாத இயல்வகை, அதிலிருந்து விலகிய வகை.

இயல்வகை என்றால் மருந்து கொடுத்தால் மீன் பிழைக்கும் என்று பொருளல்ல. அந்தக் கிருமி தன் இனத்தின் வழக்கமான உணர்திறனோடு இருக்கிறது, அவ்வளவே. விலகிய வகை என்பதும் சிகிச்சை கட்டாயம் தோற்கும் என்று சொல்வதில்லை. ஆனால் வேறு மருந்து கையில் இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க நியாயம் இல்லை. இந்த வேறுபாட்டை அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். வாசிப்பவர் ‘எஸ்’ஸைத் தேடுவார். இல்லாத எல்லைக்கு அதை எழுதிக் கொடுப்பதைவிட மில்லிமீட்டரையும் வகையையும் கொடுப்பது நேர்மை.

உங்கள் கிருமிக்கு வெளியிடப்பட்ட எல்லை இல்லையென்றால், ஒரே சிற்றினத்தின் முடிவுகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். சுவீடனின் யோரான் க்ரோன்வால் உருவாக்கிய என்ஆர்ஐ (இயல்புபடுத்திய எதிர்ப்பு மதிப்பீடு) முறை இதற்குத்தான். வளைய அளவுகளை வரைபடமாக்கினால் பெரிய வளையங்களின் பக்கச் சரிவில் எதிர்ப்புள்ள கிருமிகள் கலந்திருக்காது. அந்தச் சரிவை மட்டும் வைத்து இயல்வகையின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் மதிப்பிட்டு, சராசரிக்குக் கீழே 2.5 திட்டவிலக்கத்தில் கோடு போடுவார்கள். இயல்வகை முடிவுகள் 30 அளவிலாவது இருந்தால்தான் கோடு நிலைக்கும். ஒரே பண்ணையில் ஒரே நோய்ப்பரவலின்போது எடுத்த முப்பது, உண்மையில் ஒரே கிருமியின் முப்பது நகல்களாக இருக்கலாம். அவற்றை ஒன்றாகவே எண்ணுங்கள்.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: கிருமியின் பெயரும் அடையாளம் கண்ட முறையும், எடுத்த உறுப்பு, எத்தனை மீனில் எத்தனையில் வந்தது, ஊடகம், வெப்பநிலை, நேரம், ஒவ்வொரு மருந்தின் மில்லிமீட்டர் அல்லது எம்ஐசி, பயன்படுத்திய எல்லையின் மூலம், அன்றைய கட்டுப்பாட்டு முடிவு. இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: தீவனம் எடுக்காத மீனுக்குத் தீவன மருந்து போய்ச் சேராது. சோதனை முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மீன் இரை எடுப்பது நின்ற பின் தொடங்கிய சிகிச்சை தோற்பது கிருமியின் எதிர்ப்பால் அல்ல.

பாதுகாப்பும் சேமிப்பும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே, விப்ரியோ வல்னிஃபிகஸ், மைக்கோபாக்டீரியம் மரினம் ஆகியவை மீன்முள் குத்திய காயம் வழியாக மனிதருக்குள் போகக்கூடியவை. கையுறை கட்டாயம், கையில் காயம் இருப்பவர் மீன் அறுக்க வேண்டாம். பயன்படுத்திய தட்டுகளை 121 °செ-இல் குறைந்தது 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்றுங்கள்.

சோதித்த கிருமியை 15–20 சதவீத கிளிசரால் கலந்த குழம்பில் இரண்டு குப்பிகளாக −80 °செ-இல் வையுங்கள். ஒன்று தொடாத மூலம், மற்றது பயன்பாட்டுக்கு. மறுவளர்ப்பு செய்துகொண்டே போனால் எதிர்ப்பு மரபணு தாங்கிய பிளாஸ்மிட் கழன்று போகலாம்; எனவே மறுசோதனை என்றால் மேசையில் கிடக்கும் பழைய சாய்வு அகரை எடுக்காமல் குப்பியிலிருந்தே எடுங்கள். கட்டுப்பாட்டுக் கிருமிகளுக்கும் இதே விதி.